முதல் கைத்துப்பாக்கி எது: ரிவால்வரா, பாயின்ட் 22-ஆ, ஏர் பிஸ்டலா?

போன ஆடியில் சகலை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். வேலூர் மண்டி வீதியில் அவருக்கு வெல்ல வியாபாரம். இலை எடுத்து வெற்றிலைத் தட்டு வந்த பிறகு, பீரோவிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆயுத உரிமம் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய விண்ணப்பம். பாதி நிரப்பியிருந்தார். கடையைச் சாத்திவிட்டு இரவு பத்து மணிக்குப் பணப்பையோடு வண்டியில் வீடு திரும்புகிறவர் அவர். அவருக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் பையை வழியில் பறித்துக்கொண்டு போன நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. "ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன் அண்ணே. ரிவால்வரா, பிஸ்டலா, எது நல்லது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அவர் மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. "பெரியப்பா, அந்தக் காசில் எனக்கு ஒரு ஏர் பிஸ்டல் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றாள்.

ஒரே வீடு, ஒரே பணம், துப்பாக்கியைக் கையால் தொட்டிராத இரண்டு பேர். அன்றே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் 24 ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்தவன். அதில் ஏழு ஆண்டுகள் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சுடச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயமில்லை. கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இங்கே உண்டு. ஓய்வு பெற்று வந்து, உரிமம் வாங்கி, வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு காவலுக்கு நிற்பவர்களில் பலர் என் கூட்டாளிகள். அதனாலேயே துப்பாக்கி பற்றி யார் கேட்டாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போக என்னால் முடிவதில்லை. அவர்களுக்குச் சொன்னதை, அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. எந்தக் கைத்துப்பாக்கியானாலும் அதைத் தொடுகிற கைக்கு நான்கு பழக்கங்கள் வந்திருக்க வேண்டும். துப்பாக்கி எப்போதும் நிரப்பியே இருக்கிறது என்று எண்ணுவது முதலாவது. இப்போதுதான் பார்த்தேன், காலியாக இருந்தது என்பதெல்லாம் செல்லாது. குழலின் வாய் சுடக் கூடாத எதன் பக்கமும் ஒரு கணம்கூடத் திரும்பக் கூடாது என்பது இரண்டாவது. குறி பார்த்து, சுடுவது என்று முடிவு செய்யும் வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கி உடலின் பக்கவாட்டில் நீட்டியபடி கிடக்க வேண்டும் என்பது மூன்றாவது. நான்காவது, இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொண்டு சுடுவது. இவற்றில் ஒன்று தவறினால் மற்ற மூன்றும் பெரும்பாலும் காப்பாற்றும். இரண்டு ஒரே நேரத்தில் தவறும்போது ஆள் சாகிறான்.

கைத்துப்பாக்கியில் இந்தப் பழக்கங்கள் ஏன் இத்தனை அவசியம்? ரைஃபிளின் நீளமே ஒரு காவல். அதைத் திருப்ப உடம்பே திரும்ப வேண்டும். கைத்துப்பாக்கிக்கு மணிக்கட்டு திரும்பினால் போதும். ஒரு சுடுதளத்தில் கண்ணால் பார்த்தேன். புதிதாக வந்தவர், நாற்பது வயது இருக்கும், நல்ல படிப்பாளி. பிஸ்டல் வெடிக்கவில்லை. கோளாறு என்றதும் நாம் கடைக்காரரிடம் கைபேசியை நீட்டுவது போல, "சார், இது வேலை செய்யவில்லை" என்று பிஸ்டலைக் கையில் பிடித்தபடியே பின்னால் திரும்பிவிட்டார். வரிசையாக உட்கார்ந்திருந்த ஏழு பேரின் வயிற்றின் மேல் அந்தக் குழல் வாய் கடந்து போனது. விரல் விசையின் மேல்தான் இருந்தது. பயிற்சியாளர் கத்தவில்லை. இரண்டு எட்டில் போய் மணிக்கட்டைப் பிடித்து இலக்கின் பக்கமே திருப்பினார். உள்ளே தோட்டா இருந்தது. அந்த மனிதர் தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கியபோது கை நடுங்கியது. கெட்ட எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. பழக்கம்தான் இல்லை.

நான்காவது பழக்கத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு துக்கமான சாட்சி உண்டு. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கத்தில் ஒரு சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்துபோனான். அங்கே சுட்டவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். வேலூரில் என்னிடம் சிலர், "நம் ஊரில் எங்கே பார்த்தாலும் மலைதானே, மலையைப் பார்த்துச் சுட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். நம் மலை கருங்கல் மலை. குண்டு பாறையில் பட்டால் அங்கேயே நிற்பதில்லை, தெறித்து எந்தத் திசைக்கும் போகும். அனுமதி பெற்ற சுடுதளத்துக்கு வெளியே சுடுவது குற்றம் என்பது வேறு.

இனி சகலையின் ரிவால்வரைப் பார்ப்போம். பாயின்ட் 32, பாயின்ட் 22 என்பதெல்லாம் குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். இந்தியாவில் 9 எம்.எம்., பாயின்ட் 38, பாயின்ட் 45 போன்றவை பொதுமக்களுக்குக் கிடையாது. அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் செய்யும் பாயின்ட் 32 தான் பெரும்பாலானவர்கள் வாங்குவது. அதில் சுழலும் உருளைக்குள் ஆறு குண்டு போடும் ரிவால்வரும் உண்டு, பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசின் வைத்த பிஸ்டலும் உண்டு. 2014-இல் கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் என்னும் இலேசான ரிவால்வர் அரைக் கிலோதான் எடை; பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி விற்றார்கள். அப்போதே அதன் விலை ஒன்றே கால் லட்சத்தை ஒட்டி இருந்தது.

உரிமம் வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் இருப்பதைக் காட்ட வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை கொடுக்கும். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். கல்யாணத்திலோ ஊர்வலத்திலோ வானத்தைப் பார்த்துச் சுட்டு யாருக்காவது ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. இதெல்லாம் சகலைக்குத் தெரிந்திருந்தது. படிவத்தோடு ஒரு வக்கீலையும் பார்த்திருக்கிறார். அவர் யோசிக்காதது வேறு. வாங்கிய பிறகு அந்த ரிவால்வரை எங்கே, எத்தனை முறை சுட்டுப் பழகப் போகிறார்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. கிடைக்கும் தோட்டாவும் மலிவானதல்ல. பாயின்ட் 32-ஐச் சுட விடுகிற சுடுதளம் பக்கத்தில் இருப்பது அரிது. அதனால் பாதுகாப்புக்கு என்று ரிவால்வர் வாங்கியவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர், வாங்கியதிலிருந்து அதை ஆறு முறை, பத்து முறை சுட்டிருப்பார்கள். பிறகு அது பீரோவில் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடக்கும். அப்படி ஒரு மனிதர், இருட்டில், வண்டியை விட்டு இறங்கும்போது, பின்னாலிருந்து ஒருவன் பையைப் பிடித்து இழுக்கிற இரண்டு விநாடிக்குள் அதை எடுத்து, தெருவில் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, சரியான ஆளைச் சுட வேண்டும். பட்டாளத்தில் மாதக் கணக்கில் பழகிய பையன்களே பதற்றத்தில் தவறவிட்டதைப் பார்த்தவன் நான். பறிக்க வந்தவன் கைக்கே அது போய்ச் சேரவும் வழி உண்டு.

அதன் விசையையும் சொல்ல வேண்டும். ரிவால்வரில் தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுக்காமல் நேரே விசையை இழுத்தால், அந்த ஒரே இழுப்பில் உருளையும் சுழல வேண்டும், சுத்தியலும் ஏற வேண்டும். நான்கைந்து கிலோ கனம் இருக்கும். முதல்முறை பிடிக்கும் கை அந்தக் கனத்துக்கே ஆடிவிடும். போதாததற்குச் சத்தமும் உதைப்பும். இரண்டு மூன்று முறை சுட்டதும் உடம்பு அதை எதிர்பார்த்து, குண்டு புறப்படுவதற்கு முன்பே கையைக் கீழே அழுத்தத் தொடங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒன்று செய்வோம். சுடுகிறவனுக்குத் தெரியாமல் மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத ஒரு வெற்றுத் தோட்டாவைச் சேர்த்துக் கொடுப்போம். நல்லது, நல்லது என்று சுட்டுக்கொண்டு வருவான். வெற்றுத் தோட்டா வரும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும், ஆனால் குழல் முனை நான்கு விரல் கீழே போய் நிற்கும். சுட்டவனே அதைப் பார்த்து வாயைப் பிளப்பான். இந்தப் பயம் ஒரு நாளில் உள்ளே போய்விடும். வெளியே எடுக்க மாதங்கள் ஆகும். பாயின்ட் 32-இல் கற்கத் தொடங்குவது அந்தப் பயத்தைக் காசு கொடுத்து வாங்குவது போல.

ரிவால்வரா, மேகசின் பிஸ்டலா என்றும் சகலை கேட்டார் அல்லவா? புதியவருக்கு ரிவால்வர் தெளிவானது. உருளையைத் திறந்தால் ஆறு அறையும் கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் வெடிக்கும்போது நெருப்புக் காற்று பீறிடும்; முன்னால் விரலை வைத்துப் பிடித்தால் விரல் காயப்படும். பிஸ்டலில் ஆபத்து வேறு மாதிரி. காலி செய்யும்போது முதலில் மேகசினை உருவ வேண்டும், பிறகுதான் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுத்து, குழலின் அடியில் உள்ள அறையில் இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும், பிறகு அறைக்குள் கண்ணாலும் சுண்டு விரலாலும் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால், அதாவது ஸ்லைடை முதலில் இழுத்து மேகசினைப் பிறகு உருவினால், ஒரு தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது அறைக்குள் ஏறியிருக்கும். தரையில் விழுந்த தோட்டாவைப் பார்த்த கண்ணும், மேகசின் இல்லாத பிடியைத் தொட்ட கையும் 'காலி' என்று சொல்லும். துடைக்கும்போது வெடித்தது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதில் இந்த வரிசைப் பிழையும் ஒன்று.

வீட்டில் வைப்பது பற்றியும் சகலையிடம் மறைக்காமல் சொன்னேன். துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா இன்னொரு பூட்டுக்குள், இரண்டு சாவியும் உரிமக்காரரிடம் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் இரவில் திருடன் வரும்போது அவசரத்துக்கு உதவாது. தலையணைக்கு அடியில் வைத்தால் உதவலாம், ஆனால் மூன்று வயதுப் பேரன் வந்து போகும் வீடு அது. வீட்டில் துப்பாக்கி இருப்பது அந்த வீட்டில் தற்கொலை ஆபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கடன், குடும்பச் சண்டை, தேர்வில் தோல்வி, ஏதோ ஒரு கெட்ட இரவு எல்லா வீட்டுக்கும் வரும். மற்ற வழிகளில் மனிதன் மனம் மாறித் திரும்பச் சில நிமிடமாவது கிடைக்கிறது. துப்பாக்கி அந்த நிமிடத்தைக் கொடுப்பதில்லை. இதைச் சொல்லும்போது என் மனைவியின் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்று சின்ன விஷயம். தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.  பாதுகாப்புக்கென்று ஒரு பொருளை நம்பியிருப்பவர் அதைப் பல வாரம் கையில் இல்லாமல் கழிக்க வேண்டி வரும்.

அடுத்தது பாயின்ட் 22. விளையாட்டுக்கான பிஸ்டல்களில் தோட்டா போட்டுச் சுடுவதற்கு இதைவிட நல்லது இல்லை. உதைப்பு குறைவு. 25 மீட்டர் பெண்கள் போட்டியில் இதுதான். 2012-இல் லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் அதிவேகப் பிரிவும் இதே பாயின்ட் 22 தான். விசைக்குக் குறைந்தது ஒரு கிலோ கனம் இருக்க வேண்டும் என்பது 25 மீட்டர் பெண்கள் போட்டியின் விதி. உரிமம் பெற்ற கிளப்பின் உறுப்பினராகி, கிளப்பின் துப்பாக்கியையே அதன் சுடுதளத்தில் பயிற்சியாளர் முன்னிலையில் சுடலாம். எடுத்த எடுப்பில் சொந்த உரிமம் தேவையில்லை.

ஆனால் இதைச் சின்னத் தோட்டா என்று நினைக்கக் கூடாது. இரண்டரை கிராம் ஈயம், விநாடிக்கு 300 மீட்டர் வேகம். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக் கூடியது. காட்பாடிப் பாலத்தில் நின்று சுட்டால் பாலாற்றின் அகலத்தைத் தாண்டிப் போய்விடும் என்று சகலை மகளுக்குச் சொன்னேன். குழல் குட்டையாக இருப்பதால் சத்தம் 140 டெசிபெலைத் தாண்டும். காது மூடி இல்லாமல் ஒரு முறை சுட்டாலே காதுக்குக் கேடு. கண்ணாடியும் கட்டாயம், ஏனென்றால் வெளியேறும் தோட்டாக் கூடு முகத்துக்கு வரும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்கின் பக்கமே நீட்டியபடி அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றிக்கொண்டு வெடிப்பது உண்டு. வழக்கத்தைவிட மெல்லிய 'புஸ்' சத்தம் வந்தால் அன்றைக்கு அந்தத் துப்பாக்கியில் அடுத்த தோட்டா கிடையாது; முந்தைய குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம்.

வேலூரில் இருக்கும் ஒருவர் பாயின்ட் 22-இல் தொடங்குவது என்றால் 25 மீட்டர் சுடுதளத்துக்காகப் பெரும்பாலும் சென்னைப் பக்கம் போக வேண்டியிருக்கும். காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர். விடியற்காலை ரயில் பிடித்து, போய் முப்பது தோட்டா சுட்டு, மாலை திரும்பினால் ஒரு நாள் முடிந்தது. வாரத்தில் ஒரு நாள் முப்பது தோட்டா சுடுவதால் கை பழகாது. ஓரளவு தேர்ந்தவர்களுக்கு இது சரி. தொடங்குகிறவருக்கு வீண்.

என்.சி.சி. பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் சேர்ந்திருந்தால் பாயின்ட் 22 ரைஃபிளைப் படுத்துச் சுடும் வாய்ப்பு செலவில்லாமல் கிடைக்கும். கட்டளைக்குக் கட்டுப்படும் ஒழுங்கு அங்கே வந்துவிடும், அது பொன்னானது. ஆனால் ரைஃபிள் வேறு, பிஸ்டல் வேறு. ஆண்டுக்குச் சில தோட்டாக்களே கிடைக்கும். சகலை மகள் சேர்ந்தால் நல்லது என்பேன், அதுவே போதும் என்று சொல்லமாட்டேன்.

ஏர் பிஸ்டல் என்றதும் சகலை, "அது திருவிழாவில் பலூன் சுடுகிறதுதானே அண்ணே" என்றார். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

10 மீட்டரில், ஒற்றைக் கையால், 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டை அழுத்தக் காற்றால் சுடுவது இது. குண்டின் எடை அரை கிராம்தான், வேகம் விநாடிக்கு 150 மீட்டரை ஒட்டி இருக்கும். விசைக்குக் குறைந்தது 500 கிராம் கனம் வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் விரலில் தொங்குவது போல. பிஸ்டல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். அட்டையில் கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர், அதன் நடுவில் பத்துப் புள்ளி தரும் வட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு.

அந்தப் பொத்தானில் எப்படி அடிப்பது? எல்லோரும் முதலில் பொத்தானைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதையல்ல. பிஸ்டலின் பின்பக்கத்தில் ஒரு சதுரப் பள்ளம், முன்முனையில் ஒரு சதுரக் கட்டை. கட்டையின் தலை பள்ளத்தின் விளிம்போடு சமமாகவும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரியும்படியும் நிற்க வேண்டும். கண் அந்தக் கட்டையின் மேல். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால்தான் நீங்கள் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று பொருள். முன்குறியான கட்டைக்கும் பின்குறியான பள்ளத்துக்கும் இடையே 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டை பள்ளத்துக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு 31 மில்லிமீட்டர் விலகும். பத்து போய் ஏழாகிவிடும். கை முழுதும் இணையாக ஆடினால் அதே ஒரு மில்லிமீட்டர் அட்டையிலும் ஒரு மில்லிமீட்டர்தான். ஆகவே கை நடுங்குகிறதே என்று வருந்த வேண்டியதில்லை. எல்லோர் கையும் ஆடும். குறி இரண்டும் நேராக இருக்க, அந்த ஆட்டத்தின் நடுவிலேயே விசையை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். இதைத்தான் ஏர் பிஸ்டல் கற்றுக்கொடுக்கிறது. ரிவால்வரின் உதைப்பும் சத்தமும் மறைத்துவிடுகிற பிழைகளை இது ஒவ்வொன்றாக அட்டையில் காட்டிவிடும். குண்டு இல்லாமல், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நாளைக்கு இருபது நிமிடம் விசை மட்டும் அழுத்திப் பழகலாம் என்பது இதன் இன்னொரு பெரிய நன்மை. சுடுவதில் முக்கால்வாசி அப்படித்தான் கைவருகிறது.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். போட்டிக்கான ஏர் பிஸ்டல் அந்த அளவுக்குள் வெகு கீழே இருக்கிறது. ஆனால் உரிமம் வேண்டாம் என்பதற்காக அதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணினால் ஒரு கண் போகும். நான்கு பழக்கங்களும் இதற்கும் அப்படியே. சுடாத நேரத்தில் குழலுக்குள் பளீரென்ற நிறத்தில் நாடா கோத்து வைப்பார்கள், காலி என்பது தூரத்திலிருந்தே தெரிவதற்காக. சுடுதளத்தில் 'லோட்' என்னும் வரை குண்டு போடக் கூடாது. 'ஸ்டாப்' என்றால் அழுத்திக்கொண்டிருக்கும் விரலும் அப்படியே வெளியே வர வேண்டும். 'ஸ்டாப்' என்று யார் கத்தினாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும், அது பத்து வயதுப் பையனாக இருந்தாலும்.

வேலூருக்கென்று மூன்று எச்சரிக்கைகள். வீட்டிலேயே தளம் அமைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: குண்டு நின்றுவிடும்படி சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெட்டி வேண்டும். கருங்கல் சுவரில் அட்டையை ஒட்டிச் சுட்டால் ஈயம் தெறித்து உங்கள் முகத்துக்கே வரும். சுடும் பாதைக்குள் பக்கத்திலிருந்து யாரும் நுழையும் கதவு இருக்கக் கூடாது; மொட்டை மாடியோ அறவே கூடாது. இரண்டாவது வெயில். ஏர் பிஸ்டலின் காற்று உருளையில் 200 பார், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் காற்று நிற்கிறது. மே மாதத்தில் பூட்டிய காருக்குள் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உருளைக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் பத்து ஆண்டு. பழைய பிஸ்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் முதலில் உருளையில் பொறித்த தேதியைப் பாருங்கள். மூன்றாவது ஈயம். சுட்ட கையோடு வடையைத் தொடுவது நம் பையன்களின் வழக்கம். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வாய்க்குப் போக வேண்டும். தளத்துக்குள் சாப்பாடே வேண்டாம்.

செலவு பற்றிச் சகலை முகம் சுருங்கியது. போட்டியில் எடுக்கும் மொரினி, ஸ்டெயர் போன்ற வெளிநாட்டுப் பிஸ்டல் ஒரு லட்சத்தை எளிதாகத் தாண்டிவிடும். ரிவால்வருக்கு ஆகும் காசு, சில சமயம் அதற்கும் மேலே. ஆனால் முதல் ஆறு மாதம் வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கிளப்பின் பிஸ்டலில் சுடட்டும். மாதக் கட்டணமும் குண்டு டப்பாவும்தான் செலவு. கைப்பிடி அவரவர் உள்ளங்கைக்கு இழைத்துப் பொருத்தும் மரம். எந்தப் பிடி தனக்குச் சரி என்று ஆறு மாதத்துக்கு முன் யாருக்கும் தெரியாது. கடைக்காரர் சொல்வதைக் கேட்டு முதல் நாளே வாங்கியவர்கள் ஓராண்டில் பாதி விலைக்கு விற்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மகளுக்குச் சொன்னது இது: ஏர் பிஸ்டல், கிளப்பில், ஆறு மாதம். ஆசை நிலைத்தால் சொந்தப் பிஸ்டல். கை நிலைத்தால் ஓராண்டு கழித்துப் பாயின்ட் 22.

சகலைக்குச் சொல்வது கடினமாக இருந்தது. "இரவில் பணத்தைக் கையில் கொண்டுவருவதை நிறுத்து. சாயங்காலமே வங்கியில் கட்டு. மீதியைக் கைபேசியில் வாங்கு. கடையைச் சாத்தும்போது ஆள் ஒருவனைக் கூட வைத்துக்கொள். ரிவால்வரால் வரும் பாதுகாப்பைவிட இது பெரியது. அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், மகளோடு மூன்று மாதம் ஏர் பிஸ்டல் பழகு. அந்த மூன்று மாதம் உன்னால் ஒதுக்க முடியாது என்றால் ரிவால்வர் உனக்கு வேண்டாம்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் பேசவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மகளைக் கொண்டுவந்து விடும் சாக்கில் தானும் கிளப்பின் சுடுதளக் கூடத்துக்குள் வந்தார். தகரக் கூரை, மூன்று மின்விசிறி, பத்து மீட்டர் தள்ளி வெள்ளை அட்டைகள். பயிற்சியாளர் காலிப் பிஸ்டலை மேசைமேல், வாய் இலக்கைப் பார்க்க, நாடாவோடு வைத்தார். எடுத்துப் பாருங்கள் என்றார். சகலை எடுத்தார். எடுத்த எடுப்பில் ஆள்காட்டி விரல் நேரே விசைக்குள் போய் உட்கார்ந்தது.

"அப்பா, விரல்" என்றாள் மகள்.

அவர் விரலை வெளியே எடுத்து நீட்டி வைத்துக்கொண்டார். கையை உயர்த்தினார். முன்முனை கறுப்பு வட்டத்தைச் சுற்றி வட்டமடித்தது. பத்து விநாடி பிடித்திருப்பார், தோள் வலித்து இறக்கினார். மறுபடியும் எடுத்தார், மறுபடியும் விரல் உள்ளே போனது, மறுபடியும் மகள் சொன்னாள். மூன்றாம் முறை அவரே பார்த்துக்கொண்டார். அன்று முழுதும் அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. போகும்போது பயிற்சியாளரிடம் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டினார். பாதி நிரப்பிய படிவம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.